குடைக்காரியைத் தேடி: பாலக்காட்டு எல்லையில் நான்கு நாள்

முதல் நாள்: வாளையாறு தாண்டி

உக்கடத்தில் பாலக்காட்டு பஸ் ஏறியபோது மடியில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே பதினோரு இசைத்தட்டு உறைகள், ஒரே ஒரு தட்டு. பையை மேலே வைத்துவிடச் சொன்னார் கண்டக்டர். வளைந்துவிடும், மடியிலேயே இருக்கட்டும் என்றேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி கண்ணாடிச் சட்டமா என்று கேட்டார். பழைய பாட்டுத் தட்டு என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அவர் வீட்டிலும் இருந்ததாம். எந்தப் பாட்டு என்று நினைவில்லை; ஆனால் மேலட்டையில் ஒரு பெண் வீணையோடு உட்கார்ந்திருப்பாள், அவள் புடவைக் கரை பச்சை என்றார். பாட்டு மறந்து ஐம்பது வருடமாகியும் கரையின் நிறம் மறக்கவில்லை. அதை விடச் சிறந்த தொடக்கம் எனக்குக் கிடைத்திருக்காது.

என் அப்பா கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோன்பு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான். தகரப் பெட்டி நிறைய ரெக்கார்டுகள், ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய்கள். பனைமரத்தின் உச்சியில் குழாயைக் கட்டிவிட்டால் நான்கு ஊருக்குக் கேட்கும். சித்தூர் தாலுகா முன்பு கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. மேற்கே பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று இரண்டும் கேரளத்துக்குள் வந்தன. ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளில் பேச்சு தமிழாகவே நின்றது. ஒரே வீட்டில் மூத்தவள் தமிழ்ப் பள்ளிக்கும் இளையவன் மலையாளப் பள்ளிக்கும் போவார்கள். பாட்டிகளுக்கு இரண்டு எழுத்தும் தெரியாது.

ஆகவே அப்பாவின் பெட்டியில் இருந்த எந்தத் தட்டுக்கும் படத்தின் பெயர் கிடையாது. மேலட்டையைப் பார்த்துப் பெயர் வைப்போம். மயில் தட்டு. மீசைக்காரர் தட்டு. நாய்த் தட்டு என்று ஒரு கூட்டமே உண்டு. கிராமபோன் குழாய்க்கு முன்னால் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் அந்த எச்.எம்.வி. நாய். கல்யாண வீட்டில் அப்பா பாயை விரித்து உறைகளைப் பரப்புவார். பெரியவர்கள் குனிந்து பார்த்து விரலால் தொட்டுக் காட்டுவார்கள். தமிழ் எழுத்து ஒரு வீட்டுக்கு, மலையாள எழுத்து இன்னொரு வீட்டுக்கு, மேலட்டை எல்லா வீட்டுக்கும் என்பதுதான் எங்கள் ஊர் நடைமுறை.

அந்தப் பாயில் எனக்கு மிகப் பிடித்தவள் குடைக்காரி. ஏழு அங்குலத் தட்டு, 45 சுற்று, பக்கத்துக்கு இரண்டு மலையாளப் பாட்டு. மேலட்டையில் ஒரு பெண் சிவப்புக் குடை பிடித்து வரப்பில் நிற்பாள். குடை காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அட்டையில் அச்சான குடை எப்படி ஆடும் என்று கேட்காதீர்கள், ஆடியது. எங்கள் ஊரில் மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் கிழக்குக் காற்றைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் குடை புரியும்.

பத்து வயதில், பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம், அந்த உறையைப் பிரித்து வெட்டி என் அறிவியல் புத்தகத்துக்கு அட்டை போட்டேன். மழையில் நனைந்து மூன்று மாதத்தில் கிழிந்துபோனது. அப்பா என்னை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. தட்டைப் பழுப்புக் காகிதத்தில் ஓர் உறை செய்து போட்டார், மேலே 47 என்று எண் எழுதினார், சிவப்புப் பென்சிலால் ஒரு குடை வரைந்தார். இன்று பையில் இருக்கும் ஒரே தட்டு அதுதான்.

கோயம்புத்தூர் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். இனியாவது குடைக்காரியின் இன்னொரு பிரதியைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பியிருக்கிறேன். மூன்றாம் நாள் கொழிஞ்சாம்பாறையில் ஒரு நண்பர் வீட்டில், பிடித்த உறைகளோடு ஆறேழு பேர் கூடுவதாக ஏற்பாடு.

வாளையாறு தாண்டியதும் ஜன்னலைச் சாத்த வேண்டியதாயிற்று. அதே காற்று.

மாலையில் கல்பாத்தி. காசியில் பாதி கல்பாத்தி என்பார்கள். விசுவநாதசுவாமி கோயிலிலிருந்து படிகள் ஆற்றுக்கு இறங்குகின்றன. தோழி ஒருத்தியின் அம்மா அக்கிரகாரத்தில் இருக்கிறார். வயது எண்பத்து மூன்று. கர்நாடக இசைத்தட்டுகளைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார். அந்த உறைகளின் முன்பக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரி: பாடகர், தம்பூரா, பின்னால் ஒரு திரை. மாமிக்குப் பிடித்தது பின்பக்கம். கீர்த்தனை, ராகம், தாளம், பக்கவாத்தியம் யார் யார் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். ராகங்களின் பெயரை அந்த அட்டைகளிலிருந்துதான் படித்தேன், கேட்டது பிறகு என்றார். கே.வி. நாராயணசாமியின் பெயர் வந்த இடத்தில் எழுத்தின் மேல் விரல் படாமல் காற்றில் கோடு இழுத்துக் காட்டினார்.

நான் மைக் செட்காரர் மகள் என்றதும் பாலக்காடு மணி ஐயரைப் பற்றிச் சொன்னார். ஒலிபெருக்கி வைத்தால் மிருதங்கத்தின் நாதம் கெடுகிறது என்று, மைக் இல்லாத கச்சேரிக்காகப் பிடிவாதமாக நின்றவர் அவர். எனக்கு அது வலிக்கவில்லை. பனைமரத்துக் குழாயில் வரும் மிருதங்கம் தகரத்தில் கல் விழுந்த மாதிரி இருக்கும் என்று அப்பாவே சொல்வார்.

மாமியிடம் இரண்டு பழைய 78 சுற்றுத் தட்டுகளும் இருந்தன. அரக்கு கலந்து செய்தவை. கீழே விழுந்தால் அப்பளம். அவற்றின் உறை வெறும் பழுப்புக் காகிதம், நடுவில் லேபிள் தெரிய ஒரு வட்ட ஓட்டை. உலகம் முழுவதும் அப்படித்தான் விற்றார்கள். 1940இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இருபத்து மூன்று வயது ஓவியர்தான், இசை அழகாக இருக்கும்போது அதன் உறை ஏன் கடைச்சரக்குப் பொட்டலம் மாதிரி இருக்க வேண்டும் என்று யோசித்து, தட்டுத் தொகுப்பின் மேல் படம் வரைந்தார். 1948இல் அதே நிறுவனம் 33⅓ சுற்று நெடுந்தட்டைக் கொண்டுவந்தபோது, ஓரடிக்குச் சற்று மேல் அகல நீளமுள்ள சதுர அட்டையும் கூடவே வந்தது. ஓவியனுக்கும் அச்சுக்காரனுக்கும் அவ்வளவு பெரிய இடம் வேறு எந்தச் சரக்கின் மேலும் கிடைத்ததில்லை. முப்பத்தோரு வருடம் மருந்து டப்பாவும் பிஸ்கட் உறையும் அச்சடித்தவள் சொல்கிறேன்.

இரண்டாம் நாள்: எலப்புள்ளி, கோட்டாயி

காலையில் பாலக்காட்டு நகரத்தில் பழைய தட்டு விற்கும் ஓர் இடத்துக்குப் போனேன். தட்டுகள் இருந்தன, நூற்றுக்கணக்கில். உறைகள் இல்லை. வீடுகளில் வாங்கும்போதே பாதி அட்டைகளைச் செல் அரித்திருக்குமாம், மீதியில் மழைக்காலப் பூஞ்சை. எனவே தட்டை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அட்டையைக் கழித்துவிடுகிறார்கள். மூலையில் ஒரு கட்டு, எடைக்குப் போகத் தயாராக இருந்தது. ஒரு மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்து புரட்டினேன். குடைக்காரி இல்லை. இரண்டு அட்டைகளைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டேன். தட்டில்லாத வெற்று அட்டைக்குப் பணம் வாங்கக் கடைக்காரர் தயங்கினார். அவை என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது. ஒன்றில் நீல நிறத்தை அவ்வளவு அருமையாக அடித்திருக்கிறார்கள்.

பகலில் எலப்புள்ளி. பாலக்காட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் போகும் வழியில்தான். எம்.எஸ். விசுவநாதன் 1928 ஜூன் 24 அன்று பிறந்த ஊர். வயல், பனை, டீக்கடை. டீக்கடைக்காரரிடம் கேட்டேன், தெரியும் என்று தலையாட்டிவிட்டு அடுத்த கிளாஸை ஆற்றினார். நான் சாலையோரம் பத்து நிமிடம் நின்றேன். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இந்த ஊர்ப் பிள்ளை மோகன ராகத்தில் மெட்டமைத்த தமிழ்த்தாய் வாழ்த்தைத்தான் 1970 முதல் தமிழ்நாட்டில் அரசு விழாக்கள் எல்லாம் பாடுகின்றன. எங்கள் எல்லையில் பிறந்தவர்களுக்கு இதில் வியப்பு இல்லை, நிறைவு உண்டு. என் பையில் இருந்த பதினோரு உறைகளில் ஐந்தின் மூலையில் அவர் பெயர் இருக்கிறது. வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்தேன்.

கோட்டாயிக்குப் போனபோது வெயில் தாழ்ந்துவிட்டது. செம்பை வைத்தியநாத பாகவதரின் ஊர். பார்த்தசாரதி கோயில், இரண்டு பக்கமும் அக்கிரகார வீடுகள். செம்பைக்கு 1950களில் ஒரு கட்டத்தில் குரல் போய்விட்டது; குருவாயூரப்பனை வேண்டி மீண்டது என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். 1974 அக்டோபரில் காலமாகும் வரை பாடினார். அவரிடம் பயின்றவர் யேசுதாஸ். குடைக்காரித் தட்டில் பாடியிருப்பவரும் யேசுதாஸ்தான். கோயில் வாசலில் இதை நினைத்துக்கொண்டபோது, நான் தேடுவது சிறு அட்டைதானே என்று இருந்த தயக்கம் கொஞ்சம் விலகியது.

இரவு பாலக்காட்டிலேயே தங்கல். வேறு எழுத ஒன்றும் இல்லை, கால் வலி.

மூன்றாம் நாள்: கொழிஞ்சாம்பாறையில் ஒரு பாய்

நண்பர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தோம். அப்பா விரித்ததைப் போலவே விரிக்க வேண்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். மேசை வேண்டாம், அட்டைகளை மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். வந்தவர்கள் ஏழு பேர். ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு அண்ணன், மருந்துக்கடைச் சேட்டன், கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு பெண், நாகஸ்வர வித்துவான், திருச்சூரில் நர்சாக இருக்கும் எங்கள் பக்கத்துப் பெண், வீட்டுக்காரர், நான். பேச்சு தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடியும், அடுத்த வாக்கியம் திரும்பி வரும்.

ரயில்வே அண்ணன் முதலில் வைத்தது பீட்டில்ஸின் அபே ரோடு. நான்கு பேர் வரிசையாகச் சாலையைக் கடக்கும் படம். 1969 ஆகஸ்ட் 8 அன்று, ஒரு போலீஸ்காரர் போக்குவரத்தை நிறுத்திக்கொடுக்க, இயன் மேக்மில்லன் ஏணி மேல் நின்று மொத்தம் ஆறே படங்கள் எடுத்தார். பத்து நிமிட வேலை. அதில் ஐந்தாவது இது. முன்னட்டையில் குழுவின் பெயரும் இல்லை, தட்டின் பெயரும் இல்லை. அண்ணன் இதைச் சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கியபோது அவருக்கு வயது இருபது, ஆங்கிலப் பாட்டு ஒன்றும் தெரியாது. நான்கு பேரும் ஒரே அளவு எட்டு வைத்துப் போகிறார்கள், அதைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்றார். வேலையில் சேர்ந்த பிறகு, ஆட்கள் தண்டவாளம் கடக்கும்போதெல்லாம் இந்த அட்டை ஞாபகம் வருமாம்.

அடுத்து மருந்துக்கடைச் சேட்டன். பிங்க் ஃப்ளாய்டின் 1973ஆம் ஆண்டுத் தட்டு, டார்க் சைடு ஆஃப் த மூன். கறுப்பில் ஒரு முப்பட்டகம், இடப்பக்கம் வெள்ளை ஒளிக்கோடு, வலப்பக்கம் வானவில். ஹிப்னோசிஸ் என்ற வடிவமைப்புக் குழுவின் யோசனை, வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி. இங்கே நான் வாயைத் திறக்காமல் இருக்க முடியவில்லை. நிறங்களை எண்ணுங்கள் என்றேன். எண்ணினார்கள். ஆறு. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. கருநீலம் கிடையாது. இருபத்தைந்து வருடமாக வைத்திருக்கும் சேட்டன் இன்றுதான் எண்ணிப் பார்த்தார். அட்டையை விரித்தால் அந்த நிறக்கோடு உள்ளே தொடர்ந்து, இதயத் துடிப்பு வரைபடம் போல ஏறி இறங்கும். தட்டு இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடிகிறது. இவ்வளவு பெரிய கறுப்புப் பரப்பைத் திட்டுத் திட்டாக இல்லாமல் அடிப்பது எவ்வளவு கடினம் என்று அச்சகத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். கையால் தடவிப் பார்த்தேன்.

கல்லூரிப் பெண் கொண்டுவந்ததுதான் நீண்ட விவாதமானது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் இரண்டாவது தட்டு, ஆக்சிஸ்: போல்டு ஆஸ் லவ், 1967. பாயில் வைத்ததும் நாகஸ்வர வித்துவான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். விசுவரூபம்! நம் வீட்டுக் காலண்டரில் வரும் அதே விசுவரூபம், பல முகம், பல கை, சுற்றிலும் தேவர்கள். நடுவில் ஹெண்ட்ரிக்ஸும் அவருடைய இரண்டு வாத்தியக்காரர்களும். இந்தியாவில் அச்சான சாமி படம் ஒன்றைத் தழுவி, ரோஜர் லா என்ற ஓவியர் செய்தது. ஹெண்ட்ரிக்ஸுக்கே இது பிடிக்கவில்லை. அமெரிக்கப் பழங்குடிகளையும் அங்கே இந்தியர் என்றுதான் சொல்வார்கள்; தன் உடம்பில் ஓடும் அந்தப் பழங்குடி ரத்தத்தைக் காட்டும்படியான இந்தியப் படத்தை அவர் எதிர்பார்க்க, நிறுவனம் வேறு இந்தியாவைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டது.

வித்துவானுக்கு வருத்தம். சாமி முகத்தை எடுத்துவிட்டு மனித முகம் வைப்பது சரியில்லை என்றார். கல்லூரிப் பெண் மறுக்கவில்லை. ஆனால் முதன்முதலில் இதைப் பார்த்தபோது, அவ்வளவு தூரத்தில் யாரோ நம் பூஜையறைச் சுவரைப் பார்த்திருக்கிறார்கள் என்று தனக்குக் கண்ணீர் வந்தது என்றார். இருவர் சொன்னதும் என் மனதில் நிற்கிறது. என் பங்குக்கு ஒன்று சொன்னேன்: அந்த மஞ்சளும் அந்த இளஞ்சிவப்பும் லண்டனில் கலந்த மஞ்சளும் சிவப்பும் அல்ல. நம் சாமி படம் அச்சடிக்கிறவன் கலந்த கலவை. எந்த ஓவியன் பெயரும் இல்லாமல் கடைவீதியில் விற்ற ஒரு படம், கடல் கடந்து போய் ஒரு பெரிய கலைஞனின் முகப்பாக நின்றிருக்கிறது. அந்தப் பெயர் தெரியாத ஓவியனுக்கும் அச்சுக்காரனுக்கும் மரியாதை செய்யாமல் இந்த அட்டையைப் பற்றிப் பேசக்கூடாது.

அதே 1967இல் வந்த பீட்டில்ஸின் சார்ஜெண்ட் பெப்பர் அட்டையைப் பற்றியும் பேச்சு வந்தது. பீட்டர் பிளேக்கும் ஜேன் ஹாவொர்த்தும் அட்டை உருவங்களை வெட்டி நிறுத்தி அமைத்த பெருங்கூட்டம். அதில் ஜார்ஜ் ஹாரிசன் விருப்பப்படி யோகானந்தர், யுக்தேஸ்வர், லாகிரி மகாசயர், பாபாஜி என்று நான்கு இந்தியத் துறவிகள் நிற்கிறார்கள். காந்தியின் உருவத்தையும் வைத்திருந்தார்கள். இந்தியாவில் மனம் புண்படும் என்று நிறுவனத் தலைவர் அஞ்ச, எடுத்துவிட்டார்கள். பாட்டுகளின் வரிகளைப் பின்னட்டையில் முழுதாக அச்சிட்டதும் அந்தத் தட்டில்தான். எங்கள் ஊர்களில் பத்து பைசா பாட்டுப் புத்தகம் செய்த வேலையை அங்கே மேலட்டை செய்திருக்கிறது.

வித்துவான் தன் பங்குக்குக் கொண்டுவந்தது ஒரே ஓர் அட்டை, தட்டு இல்லை. சிவாஜி கணேசன் படம் ஒன்றின் கதை வசனத் தட்டு. திருவிழா இரவில் மைக் செட்டில் முழுப் படத்தையும் வசனமாகவே போடுவார்கள். ஊரே தெருவில் படுத்துக்கொண்டு கேட்கும். இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் படம் ஓடும் என்றார். அட்டையை வைத்துக்கொண்டு இரண்டு வசனங்களைச் சொல்லவும் செய்தார். என் அப்பா வாடகைக்குப் போட்ட இரவாகவும் அது இருந்திருக்கலாம்.

நர்ஸ் பெண்ணுக்கு முப்பது வயதுதான். அவள் வைத்தது அவளுடைய அம்மாவின் கேசட்டுகள். 1980இல் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தரங்கிணி வெளியிட்ட ஓணப்பாட்டுக் கேசட்டுகள். கேசட் வந்ததும் படம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிட்டது என்று ரயில்வே அண்ணன் குறைப்பட்டார். அவள் விடவில்லை. அம்மா வேலைக்குப் போகும்போது கைப்பையில் வைத்துக்கொண்டு போன படம் இது, உங்கள் அட்டை எந்தக் கைப்பையில் நுழையும் என்று கேட்டாள். எல்லோரும் அமைதியானோம். பிறகு கேசட் கடைகளின் நினைவு கிளம்பியது: தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம் கணக்குப் பார்த்து, கடைசிப் பாட்டு பாதியில் அறுபடாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்ட நாட்கள். அந்தக் கேசட்டின் அட்டையில் படம் இருக்காது. பெரும்பாலும் கடைக்காரப் பையனின் கையெழுத்துதான் இருக்கும். அதையும் ஒரு மேலட்டை என்றே நான் கணக்கில் வைக்கிறேன்.

கடைசியாக நான் 47ஐ எடுத்து வைத்தேன். பழுப்புக் காகிதம், எண், சிவப்புப் பென்சில் குடை. கதையைச் சொல்லி முடிப்பதற்குள் மருந்துக்கடைச் சேட்டன் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் மனம் நோகும்படி ஏதாவது சொல்லிவிட்டேனோ என்று பதறினேன். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

குடைக்காரி.

அதே வரப்பு, அதே பெண், அதே சிவப்புக் குடை. சேச்சி எடுத்துக்கொள்ளுங்கள், என்னிடம் தட்டு கூட இல்லை, வெறும் அட்டைதான் என்றார். பணம் வாங்கவில்லை. கை கூப்பினேன். எல்லோரும் மகிழ்ந்தார்கள். வீட்டுக்காரர் மனைவி எல்லோருக்கும் மறுபடியும் காப்பி போட்டார்.

இதை எழுதும்போது இரவு பதினொன்றாகிறது. அட்டை விளக்கடியில் இருக்கிறது. ஏன் என்று தெரியாமல் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். கண்டுபிடித்துவிட்டேன். இதில் குடை ஆடவில்லை.

நான்கு நிறம் நான்கு முறை தாளில் இறங்குகிறது. நான்கும் ஒன்றன் மேல் ஒன்று துல்லியமாக உட்கார வேண்டும். ஒன்று மயிரிழை நகர்ந்தால் ரிஜிஸ்டர் விலகிவிட்டது என்போம். விளிம்பில் இன்னொரு விளிம்பு தெரியும். எங்கள் வீட்டுக் குடைக்காரியில் சிவப்பு விலகியிருந்தது. அதனால் குடைக்கு இரண்டு ஓரம், அதனால் அது ஆடியது. அச்சகத்தில் இருந்தால் நானே அந்தத் தாளைக் கழிவில் போட்டிருப்பேன். சேட்டன் தந்தது நன்றாக அச்சான பிரதி, எல்லா நிறமும் அதனதன் இடத்தில் இருக்கிறது. அந்தப் பெண் காற்றில்லாத ஓர் ஊரில் நிற்கிறாள்.

நான்காம் நாள்: கோபாலபுரம் வழியாக

பொள்ளாச்சி பஸ் பிடிக்கும் முன் ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது. அப்பாவிடம் பதினாறு வருடம் உதவிக்கு இருந்தவர், நான் மாமா என்று கூப்பிடுபவர். பனைமரம் ஏறிக் குழாய் கட்டியது அவர்தான். கோபாலபுரத்துக்கு முன்னால், கள்ளுக்கு இறக்கும் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் வீடு. எழுபத்தெட்டு வயது, ஒரு கண் மங்கல். திண்ணையில் காற்று நேராக அடிக்கிறது.

இரண்டு உறைகளையும் அவர் முன்னால் வைத்தேன். புதிதாக வந்ததை ஒதுக்கிவிட்டுப் பழுப்புக் காகிதத்தை எடுத்தார்.

"நீ வெட்டியதற்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்குப் போனோம் கண்ணு. மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி குடைக்காரிதான் வேண்டும் என்றார். உன் அப்பா இந்தத் தட்டைப் போட்டார். இது இல்லை என்று பாட்டி ஒத்துக்கொள்ளவே இல்லை. படத்தைக் காட்டு என்கிறார். எங்கே காட்டுவது? பந்தலில் மொய் எழுதிக்கொண்டிருந்தவரிடம் சிவப்பு நீலப் பென்சிலை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து வரைந்தார்."

பென்சில் கோட்டைப் பார்த்தேன். இத்தனை வருடமாகக் கவனித்திருக்கிறேன், குடையின் ஓரத்தில் இரண்டு கோடு. அப்பாவுக்குக் கை நடுங்கியிருக்கிறது, அல்லது தவறாக வரைந்து திருத்தியிருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

"ஏன் மாமா இரண்டு கோடு?"

"நானும் கேட்டேன். அட்டையில் அப்படித்தானே இருந்தது, குடை காற்றில் ஆடுகிறது, உனக்குத் தெரியவில்லையா என்றார். எனக்குத் தெரியவில்லை. பாட்டிக்குத் தெரிந்தது. இதுதான், போடு என்றார்."

அப்பாவும் நானும் அந்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வெட்டியதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவர் போய்ப் பதினெட்டு வருடமாகிறது.

மாமா உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வந்தார். எச்.எம்.வி. ஃபியஸ்டா. அப்பா கொடுத்தது. உள்ளே பெல்ட் அறுந்து வெகுகாலம் ஆகிறது. பேரன் ரப்பர் வளையம் ஒன்றை மாட்டியிருக்கிறான், வேகம் ஒரு நூல் குறைவுதான், பரவாயில்லை என்றார். தட்டை வேட்டி நுனியால் துடைத்தார். ஊசியை வைத்ததும் பனங்கருக்கு உரசுவது போல ஓர் இரைச்சல், பிறகு வயலின்கள், பிறகு யேசுதாஸின் இளம் குரல். திண்ணைக்கு வெளியே தென்னை மட்டைகள் அடித்துக்கொண்டிருந்தன.

முதல் பாட்டு முடிந்து இரண்டாவது தொடங்கியது. அதன் கடைசிச் சரணத்தில் ஒரு கீறல் உண்டு. ஊசி அங்கே மாட்டினால் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கும். நான் சொல்ல வாயெடுத்தேன். மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சரணம் தொடங்கி இரண்டாவது வரி வந்ததும், கண்ணைத் திறக்காமலே சுட்டுவிரலை நீட்டி, ஊசிக்கையின் நுனியை மெல்லத் தொட்டுத் தாண்டிவிட்டார்.